ஷெட்டில் கந்தக வாடை

காரை வெளியே எடுத்த பிறகுதான் ஷெட் தரையில் அந்தக் கறையைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம் இருக்கும். ஓரத்தில் பழுப்பு, நடுவில் கறுப்பு. முந்தின வாரம் கூட்டியபோது இல்லை.

என் கணவர் ராஜேந்திரன் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பேப்பர் படிப்பது அந்த நாட்களில் அடுப்படி வரைக்கும் கேட்கும். கை நடுங்கி நடுங்கித் தாள் படபடக்கும். நான் கூப்பிட்டதும் அந்தச் சத்தம் நின்றது.

ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குத்தவைத்து உட்கார்ந்தார். கறையில் விரலைத் தொட்டுக் கட்டைவிரலோடு வைத்துத் தேய்த்தார்.

"எஞ்சின் ஆயில். கறுப்பா இருக்கு பாரு. எஞ்சினுக்குப் பின்னாடி ஒரு சீல் இருக்கும், அது போயிருக்கு."

நானும் தொட்டேன். விரல் மூக்குக்குப் பக்கத்தில் வருவதற்குள்ளேயே குப்பென்று அடித்தது. அழுகிய பூண்டும் தீக்குச்சி மருந்தும் கலந்த மாதிரி.

"என்னங்க, கந்தக வாடைல்ல அடிக்குது? கியர் ஆயில்லதான் கந்தகம் இருக்கும்னு நீங்கதானே சொல்வீக?"

அவர் விரலை மூக்கில் வைத்து இழுத்தார். மறுபடி இழுத்தார். ஒரு பக்கத்து மூக்கை அடைத்துக்கொண்டு இன்னொரு தடவை.

"ஒண்ணும் அடிக்கலையே தனம்."

நான் உள்ளே ஓடிப்போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்து வந்தேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி மூக்குக்குக் கீழே நீட்டினேன்.

"என்ன வச்சிருக்கே? ஒண்ணும் இல்லாமக் கையை நீட்டுறியா?"

கண்ணைத் திறந்து டப்பாவைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமாவே மந்தமாத்தான் இருந்துச்சு. ஜலதோஷம்னு நெனச்சேன்."

ரெண்டு வருஷமாக அவர் சாம்பாரில் பெருங்காயம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனேன். எங்கள் வீட்டுச் சாம்பாரை வேறு யாரும் வாயில் வைக்க முடியாத நிலைமைக்குக் கொண்டுபோயிருந்தேன்.

உடையாத வண்டி

ஒக்கூர் கால்நடை மருந்தகத்தில் டாக்டராக நான் பார்த்த வேலையைப் பற்றியே இந்தத் தொடரில் இதுவரை எழுதிக்கொண்டிருந்தேன். "டாக்டரம்மாவுக்கு வீடு வாசல் கிடையாதா?" என்று வாசகி ஒருவர் கேட்டுவிட்டார். உண்டு. செக்காலையில், மெயின் ரோட்டிலிருந்து ஆட்டோ திரும்புகிற அளவுக்கு அகலமுள்ள ஒரு சந்தில். அந்த வீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொருளும் அங்கே இருந்தது. இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. ஆசைக்குக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். அவர் குடும்பத்தோடு திரும்பிப் போகும்போது என் கணவர் வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு பேரு உக்கார்றதுக்கு இம்புட்டு நீளமா?" என்று சந்தே கேட்டது. மூக்கு மட்டும் பாதி வண்டி நீளம். உட்கார்ந்தால் தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். செக்காலை ரோட்டு வேகத்தடைகளில் அடி தட்டாமல் இருக்க இவர் வண்டியைக் கோணலாக ஏற்றி, கோணலாக இறக்குவார். பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். இவர் சிரித்துக்கொண்டே கை காட்டுவார்.

இவர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து என்ன போயிற்று, எது மிச்சம் என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. "வாழ்க்கை பூரா உடைஞ்ச வண்டியாவே பாத்துட்டேன். உடையாத ஒண்ணு வேணும்னு தோணுச்சு," என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

பிறகு கை நடுக்கம் வந்தது. வலது கையில்தான் முதலில். மதுரையில் நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்றார்; வாசனை தெரியாமல் போவதும் அதே நோயால்தான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மாத்திரை எழுதினார். "கார் ஓட்டுவதை நிறுத்திக்கங்க" என்றார். வீட்டுக்கு வந்து கார் சாவியை ஆணியில் மாட்டியவர் மறுபடி அதைத் தொடவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாக விட்டார். இறகுப்பந்து மட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். கையெழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்தபோது பேங்க் வேலையை என்னிடம் தந்துவிட்டார். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார், இலையில் சாதம் சிந்துகிறது என்று. எதையும் சண்டை போட்டு விடவில்லை. சர்வேயர் அறிக்கை எழுதுகிற மாதிரி, இது போயிற்று, அடுத்தது என்று சத்தமில்லாமல் விட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கார் மட்டும் மிஞ்சியிருந்தது. வாரம் ஒருமுறை நான் எடுத்து ஓட்டுவேன், பேட்டரி செத்துப்போகக் கூடாது என்று. அவர் பக்கத்து இருக்கையில் வருவார். ஒன்றும் பேசமாட்டார். ஆனால் வருவார்.

முகப்பவுடர்

மானகிரிப் பக்கம் பசீர் ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். குவைத்தில் பல வருஷம் பெரிய கார்களோடு இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் வண்டியைத் தலைக்கு மேல் தூக்குகிற லிஃப்ட் இருந்தது. விபத்து வண்டிகள் விஷயமாக என் கணவரோடு பழக்கம். அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

வண்டியைத் தூக்கிப் பார்த்தால் எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை எண்ணெயும் புழுதியும் அப்பியிருந்தது. ஓடும்போது காற்று அடித்து எல்லா இடத்திலும் பூசிவிட்டது. எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

"கழுவிட்டுப் பவுடர் அடிக்கணும், பசீர்," என்றார் இவர். "அப்பத்தான் தடம் தெரியும்."

டீசலும் பிரஷும் கொண்டு பசீர் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவினார். துடைத்துக் காயவிட்டோம். என் கைப்பையில் இருந்த முகப்பவுடரை இவர் ஒரு துணியில் கொட்டச் சொன்னார். நான் எஞ்சினின் பின்பக்கத்திலும் கியர்பாக்ஸ் முழுக்கவும் ஒற்றினேன். கல்யாணப் பெண் மாதிரி வெள்ளையாக இருந்தது. குன்றக்குடி வரை ஓட்டிவிட்டு வந்து மறுபடி தூக்கினோம்.

எஞ்சின் பக்கம் வெள்ளை அப்படியே இருந்தது. கியர்பாக்ஸின் வாலில், பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு நுழைகிற இடத்தில், பவுடரில் கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கோடு.

"நான் சொன்னது தப்பு," என்றார் இவர் உடனே. "கியர்பாக்ஸ் பின் சீல். தனம் மூக்குதான் சரி."

அந்த சீல் ஒரு ரப்பர் வளையம். தண்டைச் சுற்றி உதடு மாதிரி அணைத்துக்கொண்டு எண்ணெயை உள்ளே நிறுத்தும். பசீர் அளவெடுத்துச் சென்னையிலிருந்து வரவழைத்தார். மாற்றுகிற நாளில், "நானே கழட்டுறேன்," என்று இவர் ஸ்பேனரை வாங்கினார். முதல் போல்ட்டில் வைத்தார். கை ஆடியது. ஸ்பேனர் நழுவி சிமெண்டில் விழுந்த சத்தம் ஒர்க்‌ஷாப் முழுக்க எதிரொலித்தது.

பசீர் சட்டென்று திரும்பிக் காற்றடிக்கிற மெஷினில் ஏதோ பார்க்க வேண்டியது போலப் போய்விட்டார். நல்ல மனுஷர்.

நான் ஸ்பேனரை எடுத்தேன். "எங்க வைக்கணும்னு சொல்லுங்க. நான் போடுறேன்."

அவர் விரலை நீட்டி முதல் போல்ட்டைக் காட்டினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். போல்ட் போல்ட்டாகக் கழற்றித் தண்டை உருவினோம். பழைய சீலைக் கொக்கியால் நெம்பி எடுத்தேன். புதிய சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, அதே அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வைத்து, மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினேன். "கோணாமப் போகணும், கோணாம," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மாதக்கணக்கில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

பக்கத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். காய்ந்திருந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அவர் ஒரு தோசை கூடுதலாகக் கேட்டார்.

அடுத்த வாரம் தேவகோட்டை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தோம். ஷெட்டில் நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் சொட்ட ஆரம்பித்தது. அதே இடம். அதே வாடை.

கோயம்புத்தூர்க்காரர்

பசீர் புது சீலைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போனார்.

"புது சீலும் விடுதுன்னா உள்ளுக்குள்ள தண்டு ஆடுதுண்ணே. தண்டைத் தாங்குற புஷ் தேஞ்சிருக்கலாம். கியர்பாக்ஸை எறக்கிப் பிரிக்கணும். சாமான் வெளிநாட்டுலேருந்து வரணும். வந்தாலும் இந்தப் பெட்டிய நான் பிரிச்சதில்ல. ஒங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

இவர் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தார். கோயம்புத்தூரில் ஒருவர் வெகுநாளாக இந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றேன், இரவுச் சாப்பாட்டின்போது.

"என்ன கேக்குறது? நான் ஓட்டப்போறதில்ல. நீ எதுக்கு ரிப்பேருக்கு அலையணும்? பிரிச்சுப் போட்டா அப்படியே கெடக்கும். ஓடுறப்பவே குடுத்துருவோம்."

"தண்டு ஆடுதான்னு நீங்க பிடிச்சுப் பாத்தீகளா?"

"பசீர் சொல்றாப்லல்ல?"

"பசீர் 'தேஞ்சிருக்கலாம்'னுதான் சொன்னாப்ல. 'லாம்'னு ஒரு வார்த்தைய வச்சு எந்த வண்டிக்காவது நீங்க ரிப்போர்ட் எழுதியிருக்கீகளா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். நான் விடவில்லை.

"நோய் எதை எடுத்துக்கிட்டுப் போகுதோ, அதை என்னால தடுக்க முடியாது. தெரியும். ஆனா ஒரு ரப்பர் வளையம் எடுத்துக்கிட்டுப் போறதுக்கு நான் விட மாட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு."

அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். நான் பாத்திரங்களைத் துலக்கும்போது யோசித்துக்கொண்டே இருந்தேன். சின்ன ஓட்டத்தில் காய்ந்திருக்கிறது. நீள ஓட்டத்தில் விடுகிறது. புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் இரண்டிலுமே அல்லவா விட வேண்டும்? நீள ஓட்டத்தில் என்ன மாறுகிறது? சூடு. சூட்டில் என்ன ஆகிறது?

மாட்டைப் பார்க்கும்போதும் நான் இப்படித்தான் கேட்டுக்கொள்வேன். எப்போது வலிக்கிறது? தின்ற பிறகா, தின்னாமலா? ஆனால் மாட்டுக்கு விடை தெரியும், கண்ணிலாவது காட்டும். இரும்புப் பெட்டி காட்டாது.

புஸ்

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கும் முன்னால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திருப்பத்தூர் தாண்டியும் போனேன். வெயில் ஏறி ரோடு மினுமினுத்தது. கியர் கம்பு கையில் சுடுகிற அளவுக்கு ஓட்டிவிட்டு நேரே பசீர் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"உடனே தூக்குங்க பசீர். எண்ணெய் எம்புட்டு இருக்குன்னு பாக்கணும்."

"ஆறட்டும் அக்கா. கையில ஊத்திரும்."

"ஆறக் கூடாது. சூட்டோட பாக்கணும்."

பசீர் தடித்த கையுறையைத் தந்தார். எண்ணெய் ஊற்றுகிற போல்ட் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருந்தது. ஸ்பேனரை வைத்து அரைச் சுற்றுத் திருப்பினேன். இன்னும் கால் சுற்று.

புஸ்ஸ்ஸ் என்று காற்று சீறியது. கூடவே கந்தக வாடை முகத்தில் அறைந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

ஒக்கூருக்கு நான் வேலைக்குப் போன புதிதில், மழை பெய்து முளைத்த இளம்பயிரை மேய்ந்துவிட்டு ஒரு பசு வயிறு உப்பிக் கிடந்தது. இடது விலாவுக்குப் பின்னால் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மத்தளம் மாதிரி புடைத்து, தட்டினால் டம்டம் என்றது. நாக்கு வெளியே தொங்கியது. வாய்வழியே காற்றுப் போக வழியில்லை. வேறு வழி இல்லாமல், கூர்முனை வைத்த குழாயை அந்த இடத்தில் குத்தினேன். முதல் தடவை. கை வியர்த்து வழுக்கியது. உள்ளே போனதும் இதே சத்தம். புஸ்ஸ்ஸ். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரி ஐயையோ என்று கத்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பசு எழுந்து நின்றது. அடைபட்ட காற்றுக்கு எவ்வளவு பலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன்.

"என்னங்க, சூட்டுல எண்ணெய் போல்ட்டைத் திறந்தா காத்து சீறுது. உள்ளுக்குள்ள அழுத்தம் நிக்கிது. சீல் மேல குத்தமில்ல. காத்துதான் எண்ணெயை வெளிய தள்ளுது. கியர்பாக்ஸ் மூச்சு விட எங்கயாவது வழி வச்சிருப்பாகளா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"இருக்கு," என்றார். குரல் மாறியிருந்தது. "ப்ரீதர். மேல் பக்கம். பொத்தான் அளவு ஒரு குட்டித் தொப்பி. சூடானா அது வழியா காத்து போயிரும்... தனம்! மழைக்கு முன்னாடி துருப் பிடிக்காம இருக்க அடியில கறுப்புப் பூச்சு அடிச்சோம்ல? பூச்சு அடிச்ச பையன் மேல வரைக்கும் பீய்ச்சி அடிச்சிருப்பான்!"

"இருங்க, பாக்கிறேன்."

"எதையும் தொடாத. நான் வாரேன்."

அவர் தனியாக வீட்டை விட்டு வெளியே வந்து பல மாதம் ஆகியிருந்தது. ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. நான் சொல்லவில்லை.

"மேல எடம் பத்தாது, பசீர். கியர்பாக்ஸைத் தாங்குற பட்டையைக் கழட்டு. ஜாக்கி குடுத்து ஒரு சாண் எறக்கு. முழுசா எறக்க வேணாம்." வந்ததும் வராததுமாக இவர் உத்தரவு போட, பசீர், "சரிண்ணே, சரிண்ணே," என்று ஓடினார்.

இறக்கிய பிறகும் மேல் பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. கை நுழைகிற சந்து மட்டும்தான். பசீரின் கை முழங்கைக்கு முன்னாலேயே சிக்கிக்கொண்டது.

நான் வளையலைக் கழற்றி வைத்தேன். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரலால் பார்ப்பது என் தொழில். எத்தனை பசுக்களுக்குச் சினை பிடித்திருக்கிறதா என்று இப்படிக் கையை விட்டுத் தடவிச் சொல்லியிருப்பேன்! எண்ணெய் பிசுபிசுக்க, கன்னத்தை அதற்குள் ஆறியிருந்த இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டு துழாவினேன்.

"கம்பி ஒண்ணு தட்டுதா? அதுக்குப் பின்னாடி," என்றார் இவர்.

"தட்டுது."

"இன்னும் அங்குட்டு. ஒரு மேடு."

மேடு இருந்தது. பொத்தான் அளவு. திருப்பினால் சுழல வேண்டிய தொப்பி கல்லு மாதிரி நின்றது. நகத்தால் சுரண்டினேன். கெட்டித் தாராகக் கறுப்புப் பூச்சு நகத்துக்குள் ஏறியது.

"அடைச்சுக்கிட்டிருக்கு," என்றேன். கையை உருவி, கறுத்த நகத்தைக் காட்டினேன்.

கரைப்பான் தோய்த்த பஞ்சை அங்கே ஒத்தி ஒத்தி ஊறவிட்டோம். கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். கைப்பையில் மாட்டுக்குப் போடுகிற தடித்த ஊசி ஒன்று உறையோடு கிடந்தது. அதை எடுத்துத் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக் குத்திக் குத்திக் கிளறினேன். தோள்பட்டை மரத்துப்போனது. பசீர் மாறி மாறி வெளிச்சம் காட்டினார். இவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நிதானமா, நிதானமா, அழுக்கு உள்ள விழுந்துறக் கூடாது," என்றார்.

திடீரென்று தொப்பி விரலுக்கடியில் சுழன்றது. இலேசாக, ஒரு பம்பரம் மாதிரி.

"சுத்துதுங்க!"

பசீர் கையிலிருந்த லைட்டைக் கீழே வைத்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. "நாந்தான் அவசரப்பட்டுட்டேண்ணே."

"நானுந்தான்," என்றார் இவர்.

அழுத்தத்தில் உதடு பிதுங்கிப்போயிருந்த சீலை எடுத்துவிட்டு, பசீர் கையிருப்பில் வைத்திருந்த இன்னொன்றைப் போட்டோம். தட்டியது நான். கோணாமல் பார்த்துக்கொண்டது அவர்.

வலது பக்கம்

புது எண்ணெய் ஊற்றி, துடைத்து, மறுபடி பவுடர் ஒற்றி, தேவகோட்டை வரை நான் மட்டும் போய்விட்டு வந்தேன். அவர் லிஃப்ட் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி மேலே ஏறியதும் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். வெள்ளை கலையவில்லை. சூட்டோடு போல்ட்டைத் திறந்தேன். சத்தமே இல்லை.

இவர் போனை எடுத்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். கோயம்புத்தூர்க்காரரிடம் பேசுவது காதில் விழுந்தது. "இல்லைங்க, லாரி வேணாம். மன்னிக்கணும். வண்டியில கோளாறு இல்ல. அதான் குடுக்கல."

பசீரிடம் சொல்லிக்கொண்டு ஏறினோம். நான் ஸ்டீயரிங்கில், அவர் வழக்கம்போல இடது இருக்கையில். வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். கேட்டைத் தாண்டியதும் இண்டிகேட்டரைப் போட்டேன்.

"வலது பக்கம் விடு," என்றார்.

ரோடு காலியாக இருந்தது. இரண்டாவது கியரில் வண்டி இழுத்துக்கொண்டு ஏறியது. எஞ்சின் சத்தம் கூடிக்கொண்டே போனது. கியரை மாற்ற இடது கையை எடுத்தேன். அதற்குள் கியர் கம்பின் மேல் அவர் கை இருந்தது. வலது கை. ஸ்பேனரைப் பிடித்தபோது ஆடிய கை, குமிழைப் பிடித்ததும் ஆடவில்லை.

நான் என் கையை ஸ்டீயரிங்குக்கே கொண்டுபோனேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த நொடியில் மாற்ற வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

"கிளட்ச்சை மிதி," என்றார்.

மிதித்தேன்.